சான்றிதழும் சாட்சியமும்

நம் அரபி மத்ரஸாக்களில் ஆண்டுதோறும் பட்டமளிப்பு விழா நடைபெறுகிறது. பல்லாண்டுகள் ஓதி முடித்த மாணவர் தலைப்பாகை அணிவிக்கப்பெற்று ஸனதைக் கையில் வாங்குகிறார். வீட்டார் அதற்குக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டி மகிழ்கின்றனர். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் அவர்களுள் பெரும்பாலோர்க்குச் சொல்லத் தெரியாது. எழுதியிருப்பது ஒரு சாட்சியமே. இன்னார் எம்மிடம் இன்ன நூல்களை ஓதினார், நாம் அருகிருந்து கேட்டோம் என்று ஓர் ஆசிரியர் தம் பெயரையும், தமக்கு ஓதிக் கொடுத்தவரின் பெயரையும் பிணையாக வைத்துச் சொல்லும் சாட்சியம் அது. மாணவர் பின்னாளில் தவறிழைத்தால் ஆசிரியரின் பெயரும் சேர்ந்தே தலைகுனிகிறது.

சாட்சி சொல்பவன் தன் கண்ணால் கண்டதற்கு மட்டுமே பொறுப்பாளியா? அன்றி, தன் சொல்லை நம்பிப் பிறர் எடுத்துவைக்கும் அடிக்கும் அவன் பொறுப்பாளியா? இந்தக் கேள்வியை முப்பது ஆண்டுகளாக நாம் பாடமாக நடத்தியிருக்கிறோம். ஆயினும் சென்ற ஆண்டு வந்த ஒரு கடிதந்தான் இதன் கனத்தை நமக்கு உணர்த்தியது.

நம்மிடம் சிறுவயதில் ஓதிய அன்பர் ஒருவர் அமெரிக்காவில் அரிஸோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் பொறியாளராக இருக்கிறார். அவர் குடியிருக்கும் தெருவில் ஒரு பெரிய வீடு. குடியையும் போதைப் பழக்கத்தையும் விட்டவர்கள் அங்கே சேர்ந்து வாழ்வதாகச் சொன்னார்கள். வாசலில் வெள்ளை வண்டி ஒன்று நிற்கும். கூச்சல் இல்லை, குப்பை இல்லை, முற்றத்துப் புல் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கும். ஒருநாள் வீட்டை நடத்துபவர் வந்து, 'நாங்கள் நல்ல அண்டை வீட்டார் என்று இரண்டு வரி எழுதித் தாருங்கள். சேர வருகிறவர்களுக்குக் காட்ட உதவும்' என்று கேட்டாராம். அன்பரும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டார்.

2023-ஆம் ஆண்டின் கோடையில் அந்த வீடு ஒரே இரவில் மூடப்பட்டது. காலையில் தொழுகைக்கு எழுந்தவர், ஏழெட்டுப் பேர் தத்தம் துணிமணிகளைப் பிளாஸ்டிக் பைகளில் திணித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். அவர்கள் பூர்வகுடி மக்கள். நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலுள்ள தங்கள் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அந்த வீட்டில் சிகிச்சை என்று எதுவும் நடக்கவில்லை என்றும், உள்ளேயே குடி நடந்தது என்றும் அவர்கள் சொன்னார்கள். அவர்களுள் ஓர் இளைஞன் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினான். அன்பர் எழுதிக் கொடுத்த நற்சான்றின் நகல் அது!

'நான் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஹஜ்ரத்! ஆனாலும் பொய்ச்சாட்சி சொன்னவனைப் போல் எனக்கு உறக்கம் வரவில்லை' என்று அவர் எழுதியிருந்தார். அவருக்கு விடையெழுத முற்பட்டபோது, இத்தகைய இல்லங்களுக்குச் சான்றளிக்கும் முறையைப் பற்றி நாம் விரிவாக அறிய வேண்டியதாயிற்று. அறிந்ததை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது பயனுடையது என்று கருதுகிறோம்.

குடியை விடுவது வேறு; விட்ட நிலையில் வாழ்வது வேறு. மருத்துவமனையில் ஒரு மாதம் இருந்து உடலிலிருந்து நஞ்சு இறங்கிவிடலாம். அதன்பின் அவன் திரும்பிப் போவது எங்கே? அதே தெரு, அதே நண்பர்கள், அதே கடை. இடையில் அவனுக்கு ஒரு தங்குமிடம் வேண்டும். தன்னைப் போன்றே விட்டவர்கள் உடனிருந்து, காலையில் எழுப்பி, வேலைக்கு அனுப்பி, மாலையில் எதிர்பார்த்திருக்கும் ஒரு வீடு வேண்டும். அதைத்தான் அந்நாட்டில் சோபர் லிவிங் ஹோம் என்கிறார்கள். போதை துறந்தோர் இல்லம் என்று நாம் சொல்லலாம். பெரும்பாலும் அங்கே மருத்துவர் இல்லை, மருந்துக்கூடம் இல்லை. கூடி வாழ்வதே அங்கே மருந்து.

இவ்வகை இல்லங்களுள் பெயர்பெற்றது ஆக்ஸ்போர்ட் ஹவுஸ். மேரிலாந்து மாநிலத்துச் சில்வர் ஸ்பிரிங் என்னும் ஊரில் 1975-ஆம் ஆண்டு அது தோன்றிற்று. இவர்களுக்கென இருந்த விடுதியொன்று மூடப்படுவதாயிற்று. அங்கிருந்தவர்கள் கலைந்து போகாமல், தாங்களே வாடகை கொடுத்து அந்த வீட்டை நடத்துவது என்று துணிந்தனர். இன்று அப்பெயர் தாங்கிய வீடுகள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை. ஒவ்வொரு வீட்டுக்கும் தலைமை அமைப்பு ஒரு பட்டயம் வழங்குகிறது. அதற்கு நிபந்தனைகள் மூன்றே: வீட்டை அதில் வாழ்வோரே வாக்களித்து நடத்த வேண்டும், செலவை அவர்களே பகிர்ந்துகொள்ள வேண்டும், மீண்டும் குடித்தவரை உடனே வெளியேற்ற வேண்டும். புதிதாக ஒருவரைச் சேர்ப்பதென்றால் இருப்பவர்களுள் நூற்றுக்கு எண்பது பேர் இசைய வேண்டும். அங்கே ஒருவன் நல்லவன் என்று சாட்சி சொல்பவர்கள் அவனோடு ஒரே கூரையின்கீழ் உறங்குபவர்கள்.

எல்லா இல்லங்களும் இவ்வாறு அமைந்துவிடவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் நடத்த, மற்றவர் வாடகை கொடுத்துத் தங்கும் இல்லங்கள் ஏராளம். அவற்றை யார் கண்காணிப்பது? ஊராட்சி மன்றங்கள் சில அவற்றை ஊரைவிட்டே விரட்டப் பார்த்தன. இரத்த உறவற்றோர் ஐவருக்கு மேல் ஒரே வீட்டில் வசிக்கக் கூடாது என்று வாஷிங்டன் மாநிலத்து எட்மண்ட்ஸ் நகரில் விதி இருந்தது. அங்கிருந்த ஆக்ஸ்போர்ட் ஹவுஸ் வழக்காடிற்று. மாற்றுத் திறனாளிகளுக்கு வீடு மறுப்பதைத் தடுக்க 1988-இல் திருத்தப்பட்ட வீட்டுரிமைச் சட்டம் இவர்களையும் காக்கிறது. நகரின் விதி அச்சட்டத்தின் பிடிக்கு அப்பாற்பட்டதன்று என உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பே. ஆனால், ஊரார் விரட்டவும் கூடாது, அரசு அளவுமீறித் தலையிடவும் கூடாது என்றால், உள்ளே நடப்பதைக் கேட்பவர் யார் என்ற கேள்வி எஞ்சி நின்றது.

அதற்கு விடையாகவே சான்றிதழ் முறை வளர்ந்தது. இத்தகைய இல்லங்களின் தேசியக் கூட்டமைப்பு ஒன்று 2011-இல் அமைந்து, எல்லோருக்கும் பொதுவான தரவிதிகளை வகுத்தது. வாசிகளே நடத்தும் எளிய வீடு முதல் சிகிச்சையும் சேர்ந்து தரும் இல்லம் வரை நான்கு படிகளாக அது இல்லங்களைப் பிரித்தது. மாநிலந்தோறும் உள்ள கிளை அமைப்புகள் நேரில் சென்று பார்த்துச் சான்றளிக்கின்றன. பார்ப்பவை நான்கு துறைகள்: நிர்வாகமும் கணக்கும், வீட்டின் பாதுகாப்பும் தூய்மையும், போதையினின்று மீள்வதற்கான துணை, அண்டை வீட்டாரோடு நடந்துகொள்ளும் முறை. வாடகை எவ்வளவு, முன்பணம் திரும்புமா என்பதை எழுத்தில் தர வேண்டும். ஆள் பிடித்துத் தருவோர்க்குத் தரகு கொடுக்கக் கூடாது. வாசிகளின் சொந்தப் பண விவகாரத்தில் நடத்துபவர் கைவைக்கக் கூடாது. குறை சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவியும் தீயணைப்புக் கருவியும் இருக்க வேண்டும்.

இவற்றுள் தரகைப் பற்றிய விதி ஏன் வந்தது என்பதை புளோரிடா மாநிலத்தின் கதை விளக்கும். இருபத்தாறு வயது வரை பிள்ளைகள் பெற்றோரின் மருத்துவக் காப்புறுதியில் நீடிக்கலாம் என்று 2010-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. போதைச் சிகிச்சையும் காப்புறுதியில் அடங்கிற்று. உடனே ஒரு கூட்டம் கணக்குப் போட்டது. இளைஞன் ஒருவன் இல்லத்தில் தங்கினால், அவனை அனுப்பிவைத்ததற்காகச் சிகிச்சை நிலையம் இல்லத்தாருக்குத் தரகு கொடுக்கும். வாரத்தில் பலமுறை அவன் சிறுநீரைச் சோதித்துப் பெருந்தொகைக்குக் கணக்கு எழுதும். அவன் தெளிந்து வீடு திரும்பிவிட்டாலோ வருமானம் நின்றுவிடும். மீண்டும் போதையில் விழுந்தால், காப்புறுதி முதலிலிருந்து மறுபடியும் பணம் கொடுக்கும்! சில இல்லங்களில் பிள்ளைகளின் கையில் போதைப் பொருளை வைத்துக் கொடுத்தவர்களும் இருந்தார்கள் என்பது வழக்குகளில் வெளிவந்தது. அடைக்கலம் தேடி வந்தவன் விழுவதையே எதிர்பார்த்திருந்த கடைகள் அவை.

புளோரிடா 2015-இல் சட்டம் இயற்றியது. சான்றிதழ் வாங்கு என்று அது எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் 2016 ஜூலை முதல், உரிமம் பெற்ற சிகிச்சை நிலையங்கள் சான்று பெறாத இல்லத்துக்கு நோயாளியை அனுப்பக் கூடாது என்று விதித்தது. பின்னர் 2017-இல் தரகுக்கான தண்டனைகளைக் கடுமையாக்கியது. கூட்டாட்சி அரசும் 2018-இல் இவ்வகைத் தரகைக் குற்றமாக்கியது.

நம் அன்பர் வாழும் அரிஸோனாவோ 2018-இல் இல்லங்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் செய்தது. ஆயினும் என்ன நடந்தது? உரிமமே பெறாத வீடுகள் முளைத்தன. மறுபுறம், உரிமம் பெற்ற சிகிச்சை நிலையங்களின் பெயரில், நடக்காத சிகிச்சைக்குக் கணக்குகள் எழுதப்பட்டன. பூர்வகுடி மக்களுக்கான அரசு மருத்துவத் திட்டம் கேட்ட தொகையைக் கொடுத்தது. ஆகவே நவஹோ முதலிய மக்களின் ஊர்களுக்கு வண்டிகள் சென்றன. உணவும் உறைவிடமும் தருகிறோம் என்று சொல்லி ஆட்களை ஏற்றிவந்தன. 2023 மே மாதம் மாநில ஆளுநரும் தலைமை வழக்குரைஞரும் இம்மோசடியைப் பகிரங்கமாக அறிவித்துப் பணப் பட்டுவாடாவை நிறுத்தினர். இழப்பு 200 கோடி டாலருக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். பணம் நின்ற மறுகணம் வீடுகள் மூடப்பட்டு, உள்ளே இருந்தவர்கள் வீதியில் விடப்பட்டனர். அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க நவஹோ அரசு தன் ஆட்களை பீனிக்ஸ் நகருக்கு அனுப்ப நேர்ந்தது.

இவ்வளவையும் கேட்டபின், 'காகிதத்தால் என்ன பயன்?' என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையாக ஓர் இல்லம் நடத்துபவரும் இதையே வேறுவிதமாகக் கேட்பார். நானே ஒருகாலத்தில் குடித்துக் கெட்டவன். என்னைப் போன்ற ஆறு பேருக்கு என் வீட்டைத் திறந்துவிட்டிருக்கிறேன். கட்டணம் கட்டு, படிவம் நிரப்பு, கருவி பொருத்து என்றால் வாடகையை உயர்த்தாமல் எப்படி முடியும்? படிவத்தை அழகாக நிரப்பத் தெரிந்தவன் மோசடிக்காரன் அல்லவா? விதி முதலில் வருத்துவது என்னைத்தானே?

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. சான்றளிக்கும் அமைப்புகள் சிறிய இல்லங்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தும், படிவங்களை நிரப்ப உடனிருந்து உதவியும் இதற்குப் பரிகாரம் செய்ய வேண்டும். ஆயினும் வாசலில் வந்து நிற்பவனை எண்ணிப் பார்ப்போம். கடைசியாகக் குடித்து முப்பது நாளே ஆகியிருக்கிறது. கையில் காசில்லை; போக இடமில்லை; தன் தீர்ப்பின்மேல் தனக்கே நம்பிக்கையில்லை. நல்ல வீடு எது, கெட்ட வீடு எது என்று ஆராய்ந்து தேர்ந்தெடுக்க அவனால் ஆகுமா? ஆராயும் வலிமையற்றவனுக்காக வேறொருவர் ஆராய்ந்து சொல்லத்தான் வேண்டும். நேர்மையாளருக்கு அது தொல்லைதான். ஆனால் அத்தொல்லையை அவர் ஏற்காவிட்டால், நேர்மையான வீட்டையும் கள்ள வீட்டையும் பிரித்தறிய எளியவனுக்கு அடையாளமே இல்லாமற் போகும்.

ஆகவே சான்றிதழ் வேண்டுமா வேண்டாமா என்பதன்று கேள்வி. சான்றளிப்பவர் எதைக் கண்டு சான்றளிக்கிறார் என்பதே கேள்வி.

கலீபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி நம் அரபி நூல்களில் ஒரு செய்தி வருகிறது. ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தவரை நல்லவர் என்று மற்றொருவர் பரிந்துரைத்தார். உமர் (ரலி) அவர்கள் அவரிடம் மூன்று செய்திகளை விசாரித்தார்கள். இரவும் பகலும் அவர் போவதும் வருவதும் தெரியுமளவுக்கு நீர் அவருக்கு அண்டை வீட்டுக்காரரா? காசு பணத்தில் அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறீரா? குணம் வெளிப்படும் பயணத்தில் அவரோடு சென்றிருக்கிறீரா? மூன்றுக்கும் இல்லை என்றே விடை வந்தது. அப்படியானால் உமக்கு அவரைத் தெரியாது என்று கூறி, அவரை அறிந்த வேறொருவரை அழைத்துவரச் செய்தார்கள்.

காழிமார் சாட்சிகளின் நேர்மையை விசாரிக்கத் தனியே ஆட்களை வைத்திருந்ததும், பகிரங்கமாகக் கேட்பதோடு இரகசியமாகவும் கேட்டறிந்ததும் இந்தக் கவனத்தின் வழியே வந்தவை. ஒருவரின் சொல்லால் மற்றொருவரின் உரிமையோ உயிரோ தீர்மானிக்கப்படுமானால், சொல்பவரைத் தோற்றத்தால் மட்டும் எடைபோடுவது போதாது என்று அவர்கள் கண்டார்கள்.

இந்த மூன்று உரைகற்களும் ஓர் இல்லத்தைச் சோதிக்கப் பொருந்துவதைக் காண்கிறோம்.

முதலாவது, அண்டை வாழ்வு. அறிவித்துவிட்டுப் பகல் பதினொரு மணிக்குச் செல்லும் பரிசோதகர் பெருக்கிய கூடத்தையும் விரித்த படுக்கையையும் காண்பார். இரவு பதினொரு மணிக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதை அறிந்தவர்கள் வாசிகள்தாம். நடத்துபவர் இல்லாத அறையில் அவர்களோடு பேசாமல் எழுதப்படும் சான்று, வெளிச்சுவரைப் பற்றிய சான்றாகும்.

இரண்டாவது, காசு. இந்த வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வாசி தன் உழைப்பிலிருந்து தரும் வாடகையா? அவனை அனுப்பி வைத்தவர் தரும் தரகா? இதை ஒரே வினாவாகச் சுருக்கலாம். இவன் மீண்டும் விழுந்தால் யாருக்கு லாபம்? நேர்மையான வீட்டில் ஒருவன் விழுந்தால் வீட்டுக்கு ஒரு பங்கு வாடகை நட்டம். உடனிருப்போர்க்கு நெஞ்சில் நட்டம். ஒருவன் விழுவதால் ஒரு காசேனும் ஆதாயம் வருமானால், அந்த வீட்டுச் சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும் அது அடைக்கலமன்று.

மூன்றாவது, பயணம். அது காலத்தின் சோதனை. வீடு நன்றாக நடக்கும் நாளில் எல்லாரும் நல்லவரே. ஒருவன் நள்ளிரவில் குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டும்போதுதான் வீட்டின் குணம் தெரியும். அவனை வெளியேற்றுவது என்ற விதியைக் கொடுமை என்று நாம் சொல்லமாட்டோம். மற்ற பத்துப் பேரின் தெளிவும் அந்த வீட்டார் காக்க வேண்டிய அமானிதம் அல்லவா? ஆனால் எங்கே வெளியேற்றுகிறார்கள்? நடைபாதைக்கா, மருத்துவமனைக்கா, அவன் அண்ணன் வீட்டுக்கா? பல வாரங்கள் விட்டிருந்தபின் பழைய அளவிலேயே அபின் வகைப் பொருளைத் தொட்டவன் மூச்சடைத்து இறப்பதுண்டு. அதை முறிக்கும் நலோக்ஸோன் மருந்து வீட்டில் இருக்கிறதா? அதைக் கொடுக்கத் தெரிந்தவர் உண்டா? வெளியேறிய பத்துப் பேர் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று வீட்டாருக்குத் தெரியுமா? சான்றளிப்பவர் இருப்பவர்களிடம் மட்டுமன்றிப் போனவர்களிடமும் கேட்பாராயின், அச்சான்று எடையுள்ளதாகும்.

இனி நம் அன்பரின் கேள்விக்கு வருவோம். அவர் பொய்ச்சாட்சி சொன்னாரா? இல்லை. தெரிந்தே பொய்யை மெய்யென்று சொல்பவனே பொய்ச்சாட்சி. அவர் கண்டது அமைதியான முற்றம், எழுதியதும் அதையே. ஆனால் முற்றத்தைப் பற்றி எழுதிய தாளை, வீட்டைப் பற்றிய தாளாகப் பிறர் படிப்பர் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. கேட்டு வந்தவர் அவ்வாறே காட்டப்போவதாகச் சொல்லியும் இருந்தார். அண்டையில் வாழ்ந்தும் அவர் ஒருநாள்கூட அந்தக் கதவைத் தட்டியதில்லை. அவர் உறக்கத்தைக் கெடுப்பது அதுவே. உறக்கம் கெடுவது நல்லதென்றே நாம் எழுதினோம். உறுத்தாத நெஞ்சு அடுத்த தாளிலும் பார்க்காமலே கையொப்பமிடும்.

அவர் மறுபடியும் எழுதினார். அதே தெருவின் கோடியில் வேறொருவர் இல்லம் திறக்கிறாராம். உரிமமும் பெற்றுவிட்டாராம். அண்டை வீட்டாரின் கடிதம் வேண்டும் என்று இவரிடம் வந்து நிற்கிறாராம். 'சுட்ட கையல்லவா? முடியாது என்று சொல்லிவிடட்டுமா, ஹஜ்ரத்?'

வேண்டாம் என்று எழுதினோம். எல்லா நல்லவர்களும் சாட்சி சொல்ல மறுத்துவிட்டால், நல்ல வீடும் கள்ள வீட்டின் பெயரைச் சுமக்கும். அடைக்கலம் தேடி வருபவனுக்குக் கதவுகள் குறையும். 'உள்ளே செல்லுங்கள், அவர்களோடு ஒருவேளை உண்ணுங்கள். வாடகையை யார் கொடுக்கிறார் என்று கேளுங்கள். விழுந்தவனை எங்கே அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். ஒருமுறையன்று, மாதந்தோறும் செல்லுங்கள். பிறகு எழுதுங்கள். கண்டதை எழுதி, காணாததைக் காணவில்லை என்றும் எழுதுங்கள். எப்போது கேட்டாலும் இத்தாளைத் திரும்பப் பெறும் உரிமை எனக்கு உண்டு என்பதையும் அதில் சேருங்கள்' என்றோம்.

மாதந்தோறும் வெள்ளி மாலையில் அந்த வீட்டுக்குச் சென்று வருவதாக இப்போது எழுதியிருக்கிறார். முதல் மாதம் ஒருவரும் அவரோடு பேசவில்லையாம். மூன்றாம் மாதம், வயதான ஒருவர் தம் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாராம். கடிதத்தை அவர் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.